நங்கூரத்தின் இரண்டு கலன்கள்

ஒரு மீன்பிடிப் படகுக்கு எத்தனை எஞ்சின் வேண்டும் என்பது சாதாரணக் கேள்விதான். படகு வைத்திருப்பவரும், எஞ்சின் விற்பவரும், மிஞ்சிப் போனால் படகுக்காரரின் மனைவியும் உட்கார்ந்து பேசி முடித்துவிடக்கூடிய விஷயம். எங்கள் துறைமுகத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குள் அரசாங்கமும் கடலின் எதிர்காலமும் எப்படி வந்து சேர்ந்தன என்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

படகு நங்கூரத்தினுடையது. அது அவன் பட்டப்பெயர். ஒரு முடிவைப் போட்டான் என்றால் போட்ட இடத்தை விட்டு அசையமாட்டான். துறையில் என் படகுக்குப் பக்கத்துப் படகு அவனுடையது என்பதால், அவன் அசையாததை நான் தினமும் பார்ப்பவன்.

ஒரு நாள் காலையில் அவனுடைய பழைய எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. சாயங்காலம்தான் வேறொரு படகு பார்த்து, கயிறு போட்டு இழுத்து வந்தது. இடையில் பத்து மணி நேரம், அவனும் அவன் மைத்துனனும் அரை பாட்டில் தண்ணீரை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். அவன் மனைவிக்கு ஐஸ் ஃபாக்டரியில் சீட்டு எழுதும் வேலை. புருஷனும் தம்பியும் ஒரே படகில் போய்த் திரும்பாத அந்தப் பத்து மணி நேரமும் அவள் அழவில்லை, லீவு போடவில்லை, சீட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். ஆறு பார் ஐஸ் கேட்ட எனக்கு அறுபது பார் என்று எழுதிக் கொடுத்தாள். அதை ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை, ஐஸ் உடைக்கிறவனுக்கும் இல்லை.

அவர்கள் கரையேறியதும் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இனிமேல் இந்தப் படகுக்கு ரெண்டு எஞ்சின்.

நங்கூரம் ஒன்றே போதும் என்றான். பெரியதாக ஒன்று வாங்கினால் பின்பக்கம் பாரம் குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு, கழற்றி மாட்டும் வேலையும் குறைவு என்பது அவன் கட்சி. ஒன்று நின்றாலும் இன்னொன்று கரை சேர்க்கும் என்பது அவள் கட்சி. நாற்பது நாள் இந்த வழக்கு நடந்தது. கடைசியில் அவன் தன் பெரிய வாதத்தை எடுத்து வைத்தான். ரெண்டு எஞ்சினுக்கும் ஒரே டேங்கிலிருந்துதான் எண்ணெய் போகிறது, எண்ணெயில் தண்ணீர் கலந்தால் ரெண்டும் சேர்ந்துதான் நிற்கும் என்றான்.

"அப்ப ரெண்டு டேங்க் வை" என்றாள் அவள்.

மறுநாள் சின்ன எஞ்சின்களாக இரண்டு வாங்கி வந்தான்.

எஞ்சின் மாற்றினால் பதிவு செய்ய வேண்டும். பதிவு அலுவலகம் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கே எஞ்சினை எஞ்சின் என்று சொல்ல மாட்டார்கள். வெளிப்பொருத்து இயந்திரம் என்பார்கள். படகைக் கலன் என்பார்கள். அந்தப் படிவத்தில் இயந்திர எண் எழுத ஒரு கட்டம் இருந்தது. நங்கூரம் அதிலேயே பொடியாக இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தான். எழுத்தர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதைத் துப்பிவிட்டது.

விஷயம் உதவி ஆய்வாளரிடம் போனது. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. வந்தவர்களை உட்காரச் சொல்வார், கை நீட்ட மாட்டார், விதிப் புத்தகத்தை மனதாரப் படிப்பார். அரை மணி நேரம் படித்துவிட்டு, கலன் என்பதற்கான விளக்கத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மிதக்கும் ஓர் உடலும் அதை இயக்கும் ஓர் இயந்திரமும் சேர்ந்தது கலன். ஆகவே இரண்டு இயந்திரம் இருந்தால் இரண்டு கலன்.

"உடம்பு ஒண்ணுதானே சார் இருக்கு?" என்றான் நங்கூரம்.

"அதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ரெண்டு கலனும் ஒரே உடலை உபயோகிக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல" என்றார் அவர்.

ஒருவர் பெயரில் ஒரு கலன்தான் இருக்கலாம் என்பதால், இரண்டாவதை அவன் மனைவி பெயரில் பதிவு செய்தார்கள். இடது எஞ்சின் கலன் 411, அவனுடையது. வலது எஞ்சின் கலன் 412, அவளுடையது. படகின் இரண்டு பக்கத்திலும் பக்கத்துக்கு ஒரு எண்ணாகப் பெயிண்டரை வைத்து எழுதினான். கடலைப் பார்த்து நின்றால் ஒரு படகு, திரும்பி வந்தால் வேறு படகு.

ஒரு மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நோட்டீஸ் வந்தது. கலன் 412 தொடர்ந்து கலன் 411-க்கு ஆபத்தான நெருக்கத்தில் செலுத்தப்பட்டு வருவது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது என்று அதில் இருந்தது. இரண்டு கலன்களுக்கு நடுவே குறைந்தது முப்பது அடி இருக்க வேண்டும். இவர்களுக்கு நடுவே இருந்தது இரண்டேகால் அடி. உதவி ஆய்வாளரே டேப் பிடித்து அளந்திருந்தார்.

நங்கூரம் கோபத்தோடு போனான். ஆனால் அந்த மனிதர் இவனுக்காக ஏற்கெனவே புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு கலன் இன்னொன்றை இழுத்துச் செல்லும்போது மட்டும் இந்தத் தூரம் பொருந்தாது. ஆகவே 411 எப்போதும் 412-ஐ இழுத்துச் செல்வதாக எழுதிக் கொடுத்தால் போதும். கூடவே ஒரு இழுவைக் கொடி கட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறும் இருக்க வேண்டும். அவன் மனைவி துணி காயப்போடும் பழைய கயிற்றிலிருந்து மூன்று முழம் அவிழ்த்துக் கொடுத்தாள். ஒரு எஞ்சினிலிருந்து மறு எஞ்சினுக்கு அந்தக் கயிற்றைக் கட்டி, மேலே சிவப்புக் கொடியோடு, நங்கூரம் தன் படகால் தன் படகை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனான்.

அடுத்து, கலன் ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்றார்கள். மைத்துனன் 412-க்குப் பொறுப்பாளன் ஆனான். அதுவரை வலை இழு என்றால் இழுப்பவன், சோறு எடு என்றால் எடுப்பவன். இப்போது அவனுக்கும் சட்டைப்பையில் ஒரு அட்டை. ஒரு நாள் மேகம் கறுத்து வந்தது. நங்கூரம் இன்னும் ஒரு வலை போடலாம் என்றான். மைத்துனன் வலது எஞ்சினைக் கரைப் பக்கம் திருப்பிவிட்டான்.

"நான் 412-ல இருக்கேன் மச்சான். உங்க உத்தரவு இங்க செல்லாது. அக்காகிட்ட பேசிக்குங்க" என்றானாம்.

படகு கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு கரைக்குத்தான் வந்தது.

இதையெல்லாம் பார்த்து நாங்கள் சிரித்தோம். மூன்று வாரம் சிரித்திருப்போம். அதற்குள் துறையில் நான்கு படகுகளில் இரண்டாவது எஞ்சின் ஏறிவிட்டது. இழுவைக் கொடி பார்ப்பதற்கு எடுப்பாக இருந்தது என்பதும் உண்மை. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையன் என்ன வேலை என்பதை விட்டுவிட்டு, ஒற்றையா ரெட்டையா என்று கேட்டார்கள். ஓட்டை விழுந்த பழைய எஞ்சினின் மேல்மூடிக்குப் பெயிண்ட் அடித்து மாட்டியவர்களும் உண்டு. வெறும் மூடிக்கு எண் கிடையாதே என்று நீங்கள் கேட்கலாம். எண் வெட்டிக் கொடுக்கிற கடை ஒன்று துறைமுக வாசலிலேயே திறந்தாயிற்று. கலன் ஒன்றுக்கு மாதம் இத்தனை லிட்டர் என்று சலுகை விலையில் எண்ணெய் கொடுப்பார்கள் என்பதும், இரண்டு கலன் என்றால் அது இரண்டு பங்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாதுகாப்புக்காக என்றுதான் சொன்னோம். நானும் பாதுகாப்புக்காகத்தான், எல்லோரையும் போல மனைவி பெயரில், ஒன்று மாட்டினேன்.

ஒரு வருடத்தில் எங்கள் துறையின் அறுபத்து மூன்று படகுகளும் நூற்று இருபத்தாறு கலன்கள் ஆகிவிட்டன. கரையில் ஒரு படகும் கூடவில்லை. தலைமை அலுவலகம் மகிழ்ந்துபோய் உதவி ஆய்வாளருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. மீன்வளத்தின் வரலாறு காணாத வளர்ச்சி என்று அதில் எழுதியிருந்தார்கள். அவர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

அடுத்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஒரு கலனுக்குக் கிடைக்கும் சராசரி மீன் சரியாகப் பாதியாகக் குறைந்துவிட்டதாக அதில் கண்டிருந்தது. மூன்று நிபுணர்கள் வந்தார்கள். கரையில் குடை பிடித்து நின்று அரை நாள் கடலைப் பார்த்தார்கள். கலன்கள் பெருத்துப் போனதால் கடல் களைத்துவிட்டது என்று முடிவு சொன்னார்கள். கடலின் நலன் கருதி கலன்களில் சரிபாதி நீக்கப்பட வேண்டும், இழுவை ஜோடி ஒவ்வொன்றிலும் முதலில் பதிவானது போக வேண்டும், நீக்கப்பட்ட கலனின் உடல் அதிகாரி முன்னிலையில் உடைக்கப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ரெட்டையானதில் முதல் படகு என்பதால், வரிசையில் முதல் எண் 411.

சொன்ன தேதியில் நான்கு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். படகை மணலில் ஏற்றி வைத்திருந்தோம். அதுவரை மனைவியைத் தவிர யாரிடமும் எதற்கும் இறங்கி வராத நங்கூரம், அன்று படகின் இடது பக்கம் கையை வைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் அறுபத்து இரண்டு பேரும் பின்னால் நின்றோம். அடுத்தது எங்கள் படகுகள் என்பது எங்களுக்குத் தெரியும். உதவி ஆய்வாளரின் முகமும் சரியாக இல்லை. அவரும் உடைக்கிற மனிதர் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருந்தது.

அப்போதுதான் அவன் மனைவி ஐஸ் ஃபாக்டரியிலிருந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேரே படகின் வலது பக்கம் போய் நின்றாள். தன் பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

"411-ஐ உடைச்சுக்குங்க, நான் எதுவும் சொல்லல. அது அவரோடது. ஆனா 412 என்னோடது, அதுக்கு உத்தரவு இல்லை. அது மேல ஒரு கீறல் விழுந்தாலும் உங்க பேரைப் போட்டுத்தான் கேஸ் கொடுப்பேன்" என்றாள்.

உதவி ஆய்வாளர் சான்றிதழை வாங்கிப் படித்தார். படகைச் சுற்றி வந்தார். கடப்பாரைக்காரர்களிடம், இடது பக்கக் கலனை மட்டும், வலது பக்கக் கலனுக்குச் சேதமில்லாமல் உடைக்க முடியுமா என்று கேட்டார். அவர்களில் மூத்தவர், இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒன்று செய்ததில்லை என்று பணிவாகச் சொன்னார். உதவி ஆய்வாளர் மணலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். வெயில் ஏறியது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டு இடது பக்கத்தில் இருந்த 411-ஐ அழிக்கச் சொன்னார். பிறகு அறிக்கையை எங்களுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"கலன் 411 முழுவதுமாக நீக்கப்பட்டது. அது இருந்த இடத்தில் தற்போது கலன் 412 மட்டுமே காணப்படுகிறது."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் பொய் எழுதுகிற ஆளே இல்லை. அன்று மாலைக்குள் அறுபத்து மூன்று கலன்களும் ஒரு டப்பா பெயிண்டில் நீங்கிவிட்டன. மிச்சமான எஞ்சினை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, படகில் சரக்கு ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று நங்கூரத்தின் மனைவி கேட்டாள். இல்லை. ஆகவே நங்கூரத்தின் இடது எஞ்சின் இன்றைக்கும் படகின் பின்னால் சரக்காகத்தான் தொங்குகிறது. கடலில் அது ஓடுகிறது என்பது சரக்கின் சொந்த விஷயம்.

மீன்பிடிக் கலன்கள் எல்லாம் பெண்கள் பெயரில் இருக்கும் ஒரே துறை என்று எங்களுக்கு இன்னொரு பாராட்டு வந்தது. உதவி ஆய்வாளருக்குப் பதவி உயர்வோடு மாற்றலும் வந்தது. அவர் கிளம்பும்போது நங்கூரத்தின் மனைவி ஒரு பெட்டி மீனை ஐஸ் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொள்ள மறுத்தார். விதி இல்லையாம்.

அவர் இடத்துக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். வந்த முதல் நாளே காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி, படகுகளை விரலால் எண்ணினார். அறுபத்து மூன்று வந்தது. பழைய கோப்பில் நூற்று இருபத்தாறு இருந்தது. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இங்கே எந்தக் காலத்திலும் இருந்தது அறுபத்து மூன்று படகுதானே என்று கேட்டார். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு அதிகாரி வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு வருடமாகப் புலம்பியிருக்கிறோம். அவர் அதை எழுத்தில் போட்டு, கோப்பையே திருத்திவிடப் போவதாகச் சொன்னார். எங்கள் கையெழுத்து மட்டும் போதும் என்றார்.

நாங்கள் கையெழுத்துப் போட வரிசையில் நின்றோம். முதலில் நங்கூரம். அவனைவிடத் தகுந்த ஆள் யார்? முதல் நாளிலிருந்து உடம்பு ஒண்ணுதானே சார் என்று கேட்டவன்.

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டே, இது தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது, கலனை இழந்தவர்களுக்கு நிவாரணமாகப் புது வலை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, இந்தத் துறையில் நிஜமாகவே இழந்தவர்கள் யாராவது உண்டா என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"சரி, உங்களுக்கு மொத்தம் எத்தனை படகு இருந்துச்சு? அதைச் சொல்லுங்க" என்றார் நங்கூரத்திடம்.

நங்கூரம் தலையைச் சொறிந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, மனைவி சொல்லாமலே அவன் அசைவதை நான் பார்த்தேன்.

"நீங்க எதுக்குக் கேக்குறீங்க மேடம்? கோப்புக்கா, வலைக்கா?"

"வலைக்குத்தான்னு வெச்சுக்குங்களேன்."

"அப்படின்னா ரெண்டு" என்றான்.

அவனுக்குப் பின்னால் நின்ற நாங்கள் அறுபத்து இரண்டு பேரும் எங்கள் பதிலைத் தயார் செய்துகொண்டு ஓரடி முன்னால் நகர்ந்தோம்.