பதியப்பட்ட விருந்தாளி

“இத எங்க மிஸிஸ் வைக்கப் போறீங்க? வீட்டுக்குள்ளயா?” என்று மடவளை லொறிக்காரர் நளீர் பெட்டிகளை இறக்கிக்கொண்டே பத்மாதேவியிடம் கேட்டார். மனிதகுலம் பறக்க ஆசைப்பட்ட நாளிலிருந்து இத்தனை முக்கியமான கேள்வியை எவரும் கேட்டதில்லை. விடை: ஆம், வீட்டுக்குள்.

யுத்தம் மும்முரமாக நடந்த அந்த வருடத்தில் கண்டிக்கு அருகே குண்டசாலையில் ஒரு தமிழர் செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான காரியம் விமானம் கட்டுவதுதான். இதைக் கண்டுபிடித்த பெருமை பத்மாதேவியின் கணவர் வீரசிங்கத்தையே சாரும். காணிப் பதிவகத்தில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பெட்டிகளில் அமெரிக்காவில் செய்த டர்போப்ரொப் விமானம் ஒன்று துண்டு துண்டாக இருந்தது. ‘திருகாணி முடுக்கத் தெரிந்த எவரும் இரண்டாயிரம் மணித்தியாலத்தில் கட்டி முடிக்கலாம்’ என்றது கையேடு. வீரசிங்கத்துக்குத் திருகாணி முடுக்கத் தெரியாது. கையேட்டை மட்டும் இரண்டு முறை வாசித்திருந்தார். மூன்று மாதத்தில் வீட்டு ஹோலில் ஒரு வால் எழுந்தது.

அந்த வாலின் கீழ்தான் பத்மாதேவியின் அக்கா தவமணிக்குக் கட்டில் போட்டார்கள். தரைப்பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கண்டியில் கண் ஒப்பரேஷன். அதுவரை தங்குவதென்றால் பொலிஸுக்குக் கொடுக்கும் வீட்டுப் படிவத்தில் பெயர் இருக்க வேண்டும். படிவத்தில் விருந்தாளிக்கு ஒரேயொரு வரி.

“அக்காவின்ரை பேரை எழுதினீங்களோ?” படிவம் கொடுத்துவிட்டு வந்த கணவரைப் பத்மாதேவி கேட்டார்.

“இல்லை. விமானத்தை எழுதினனான்.”

“உங்களுக்கென்ன விசரோ?”

“இஞ்சை பார் பத்மா, விமானத்தை ஒளிக்க ஏலாது. அக்காவை அலுமாரிக்குப் பின்னாலை இருத்தலாம்.”

“அங்கையும் ஒரு செட்டை கிடக்கு, தம்பி” என்றார் தவமணி.

மறுநாள் ‘விருந்தாளி’யைப் பார்வையிட சார்ஜன்ட் வந்தார். தொப்பியைக் கழற்றி வாலை மூன்று தரம் சுற்றினார்.

“இவர் பிறந்தது எங்க?”

“அமெரிக்கா, சேர்.”

“யாப்பனய, யாழ்ப்பாணம், இல்லதானே?”

“இல்லவே இல்லை.”

“தொழில்?”

“பறக்கிறது, சேர். எஞ்சின் வந்த பிறகு.”

“ஐடென்ரிற்றி காட்?”

வீரசிங்கம் வாலில் பொறித்திருந்த இலக்கத்தைக் காட்டினார். சார்ஜன்ட் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். “ஹரி, ஹரி. சரிதான். நல்ல ஆள்.” படிவத்தில் கையொப்பம் விழுந்தது.

பிறகுதான் கட்டிலைக் கண்டார். “இந்த அம்மா?”

“என்ரை அக்கா, சேர். வெள்ளிக்கிழமை கண் ஒப்பரேஷன். முடிஞ்ச உடனை போயிடுவா” என்றார் பத்மாதேவி.

“பிறந்தது?”

“யாழ்ப்பாணம், சாவகச்சேரி” என்றார் தவமணி.

சார்ஜன்ட் பேனையை மூடினார். “அது சரியில்ல. இன்னைக்கே போகணும்.”

“அடியிலை எழுதுங்கோவன், சேர்!”

“அங்க கோடு இல்லயே, மிஸிஸ்.”

பத்மாதேவி கணவர் பக்கம் திரும்பினார். “விமானத்தை வெட்டிப்போட்டு அக்காவை எழுதச் சொல்லுங்கோ.”

வீரசிங்கம் நடுங்கிப்போனார். “பதிஞ்ச படிவத்திலை வெட்டுக்கொத்தோ?”

சார்ஜன்ட் அவரை மெச்சித் தலையசைத்தார். இத்தகைய பிரஜைகளால்தான் நாடு பத்திரமாக இருக்கிறது. அன்று பொழுதுபடுவதற்குள் அந்த வீட்டில் பதியப்படாத ஆள் ஒருவரும் இருக்கப்போவதில்லை. ஒரு விமானம் மட்டுமே இருக்கும், அதுவும் சட்டப்படி.

தவமணி தன் பையை எடுத்தார். வாலில் தலை முட்டாமல் குனிந்து, தடவித் தடவிப் படியிறங்கிப் போனார்.