சுவரைப் பார்த்த படங்கள்

பிராங்பேர்ட் நகரில் அயர்லாந்தின் மானம் காக்கப் போர்தொடுத்த ஒரே மனிதர் யாழ்ப்பாணத்தவர். அதற்கு முன்னர் அவர் அயர்லாந்துக்காரர் ஒருவரையும் கண்டதில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், அயர்லாந்துப் பாணி மதுக்கூடம் ஒன்றில் அவர் குவளைகள் கழுவினார். அதனால் எங்களுக்கு அவர் ‘கிளாஸ் அண்ணை’. அவர் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில், கணிப்பொறிப் பணிக்கு வந்த நான் குடியிருந்தேன்.

மதுக்கூட முதலாளி செருமானியர். அயர்லாந்தை நிலப்படத்தில் மட்டும் கண்டவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் இதழ்களின் அரசியல் கேலிச்சித்திரங்கள் பன்னிரண்டை மொத்தமாக வாங்கி, அழகுக்காக மாட்டியிருந்தார். ஒன்றில் தொந்தி பெருத்த அமைச்சர் வாத்தை அறுக்கிறார். ஒன்றில், அயர்லாந்தின் சின்னமான யாழை ஏந்திய நங்கை அழுகிறாள். பலவற்றில் குரங்குமுகத்தான் ஒருவன் குதிக்கிறான். கீழே ஏதேதோ சட்டமுன்வரைவுகளின் பெயர்கள். ஆங்கிலம் அறிந்தவன் என்று அண்ணை என்னை அழைத்துச்சென்றார். படித்தபின் என் குழப்பம் இரட்டித்தது.

“தம்பி, இந்தக் குரங்கு மூஞ்சிக்காரன் ஆர்?”

“ஐரிஷ்காரர், அண்ணை. அந்தக் காலத்து லண்டன்காரங்க அவங்களை இப்படித்தான் கேலியா வரைவாங்களாம்.”

“இது ஆரின்ர கடை?”

“ஐரிஷ் கடைதான்.”

“அப்ப அவையைக் குரங்காக் கீறி, அவையின்ர கடையிலயே மாட்டுறதோ?”

மறுநாள் பன்னிரண்டு படங்களும் சுவரைப் பார்த்திருந்தன. முதலாளி நேராக்கினார், அண்ணை திருப்பினார். ஒரு வாரம் இது நடந்தது. வாடிக்கையாளர் சிலர், இதுவும் அயர்லாந்து வழக்கம் போலும் என்று வியந்தனர்.

பொறுமையிழந்த முதலாளி, “இன்னொரு முறை திருப்பினால் வேலையில்லை” என்றார். அண்ணையின் மனைவி யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார். விண்ணப்பத்துக்கு முதலாளியின் வேலைச்சான்று இன்றியமையாதது.

“அண்ணை, லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருங்களேன், ப்ளீஸ்!”

“மனுசி வந்தா நான் வேலை செய்யிற இடத்தைப் பாக்கக் கேப்பா. இதையோ காட்டச் சொல்லுறியள்?”

வெள்ளிக்கிழமை என் கண்முன்னே மீண்டும் திருப்பினார். முதலாளி சிவந்த முகத்துடன் வந்த அதே வேளையில், மெய்யான அயர்லாந்துக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தார். படங்கள் ஏன் சுவரைப் பார்க்கின்றன என வினவினார். முதலாளி அண்ணையைச் சுட்டினார். வந்தவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்து வயிறுகுலுங்கச் சிரித்தார்.

“இந்தாள் ஏன் சிரிக்குது, தம்பி?”

கேட்டேன். அதே படம் தம் வீட்டிலும் உண்டாம், கழிப்பறையில் மாட்டியிருக்கிறாராம். மொழிபெயர்த்தேன். அண்ணை படத்தின் முன்னும் பின்னும் பார்த்தார்.

“கேளுங்கோ, எந்தப் பக்கம் பாத்து?”

முதலாளிக்கோ அயர்லாந்துக்காரர் சொன்னதே வேதவாக்கு. அயர்லாந்து முறை அதுவானால் அவ்வாறே ஆகுக என்று, அன்று மாலையே படங்களைக் கழிப்பறைக்கு மாற்றினார், சான்றிலும் கையொப்பமிட்டார். பதினொரு படங்களே போயின. பன்னிரண்டாவதை அண்ணை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் பிள்ளையை அங்க விட ஏலாது. யாழோட அழுதுகொண்டு நிக்கிறா.”

மனைவி வந்தபின் விருந்துண்ணப் போனேன். உணவுமேசைக்கு நேரே அந்த யாழ்நங்கை மாட்டப்பட்டிருந்தாள், எங்களைப் பார்த்தபடி.

அவள் எந்தச் சட்டத்தை எண்ணி அழுகிறாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆயினும், அண்ணை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முதலில் அவளிடம்தான் நலம் கேட்கிறேன்.