படலை தாண்டாத சவர்க்காரம்

கலாசாரம் பார்க்க வருகிறவர் என்றொரு பிறவி உண்டு. வாசகரே, நீங்கள் இவரைச் சந்தித்திருப்பீர்கள். கழுத்தில் கமரா தொங்கும், வாயில் எந்நேரமும் ஒரு ‘ஆகா’ இருக்கும். நீங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளினால் ஆகா, அடுப்பு ஊதிக் கண் எரிந்து நின்றால் ஆகா, வழுக்கி விழுந்தால்கூட இது எந்தக் காலத்து ஆட்டம் என்று விசாரிப்பார். இவரை வீட்டில் வைத்துச் சமாளிப்பது எப்படி? உடுவில் கிராமத்துப் பத்மாவதியைக் கேளுங்கள்.

தொண்ணூற்றுநான்காம் ஆண்டு ஆவணியில், சமாதானப் பேச்சுவார்த்தை வரப்போகிறது என்ற கதை அடிபட்ட நேரம், கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் பஞ்சலிங்கம். அவள் புருசன் கதிரவேலுவின் பெரியப்பா மகன். எண்பத்துமூன்று கலவரத்தோடு லண்டன் போனவர். பிறந்து வளர்ந்தது பக்கத்துச் சுன்னாகத்தில். ஆனால் படலையைத் திறந்து உள்ளே வந்த விதத்தைப் பார்த்தால், இதுவரை எவரும் காணாத ஆதிக்குடிகளைக் கண்டுபிடித்தவர் போலிருந்தது.

அப்போது வடக்குக்கு அரசு போட்ட பொருளாதாரத் தடை. மின்சாரம் போய் வருசக்கணக்கு. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சைப் போட்டு, அதில் சொட்டு எண்ணெய் விட்டு, நூல் திரி கொளுத்திப் பத்மாவதி மேசையில் வைத்தாள். பஞ்சலிங்கம் உருகிப் போனார்.

“லண்டனிலை உப்பிடி ஒரு வெளிச்சத்தைக் காணேலாது பத்மா. என்ன அமைதி.”

“ஓம் அத்தான். கறன்ற் இல்லாட்டி அமைதிதான்.”

கதிரவேலு செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றி, டைனமோவில் வானொலியைப் பாட வைத்து, வியர்த்து வழிந்து நின்றதைப் பார்த்து, உழைப்பும் கேள்வியறிவும் ஒன்றான நாகரிகம் என்றார் பஞ்சலிங்கம். நீங்களும் கொஞ்சம் பெடலைச் சுற்றிப் பார்க்கிறீர்களா அண்ணை என்று கதிரவேலு கேட்டதற்கு, தான் பார்வையாளன்தான் என்றார்.

பத்மாவதிக்கு இதெல்லாம் பெரிதில்லை. அவள் கண் அவருடைய பெட்டியில் இருந்தது. மகள் அருந்ததியின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் மருந்து பூசிப் பயனில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். தடையால் கடையில் கிடைக்காத சவர்க்காரத்துக்கு எங்கே போவது? குழந்தை இரவெல்லாம் சொறிந்து அழுதது. பெட்டி திறக்கும்போதெல்லாம் வீடு முழுக்கச் சவர்க்கார வாசம் வந்தது. ஆனால் வந்த விருந்தாளியிடம் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தருவார், தருவார் என்று காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவள் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சலிங்கம் குந்தியிருந்து பல படங்கள் எடுத்தார். பிறகு கமராவை இறக்கிவிட்டுச் சொன்னார்:

“உண்மையைச் சொல்லுறன் பத்மா. உங்களுக்கெண்டு ஒரு டசின் சவர்க்காரம் கொண்டந்தனான். ஆனா இதைப் பாத்தாப் பிறகு குடுக்க மனம் வரேல்லை. இந்தத் தூய்மையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். திருப்பிக் கொண்டு போறன்.”

பத்மாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனங்களிக் கையோடு ஒரு அறை விட்டிருப்பாள். விடவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினாள்.

“அது நல்லதுதான் அத்தான். ஆனா எங்கடை பக்கத்திலை ஒரு வழக்கம் இருக்கெல்லோ.”

பஞ்சலிங்கத்தின் காது நிமிர்ந்தது.

“கடல் தாண்டி வந்தவர் வாசனைச் சாமானைத் திருப்பிக் கொண்டு படலை தாண்டக்கூடாது. குழந்தைப்பிள்ளையின்ரை தலைமாட்டிலை ஒண்டொண்டா வைச்சிட்டுத்தான் போகவேணும்.”

“எனக்குத் தெரியாமல் போச்சே. எந்தக் காலத்து வழக்கம்?”

“ஆர் கண்டது? வழிவழியா வாறது. இவரைக் கேளுங்கோ.”

கதிரவேலு பலமாக இருமினார். பிறகு, “ஓம் அண்ணை, ஒருத்தரும் மீறினதில்லை” என்றார்.

வேட்டி மாற்றி, விபூதி பூசி, பன்னிரண்டு கட்டிகளையும் தொட்டில் தலைமாட்டில் பயபக்தியோடு அடுக்கினார் பஞ்சலிங்கம். கடைசிக் கட்டியைப் படத்துக்காக இரண்டுமுறை வைத்தார். அவர் கமராவைத் துடைத்து மூடுவதற்குள் அருந்ததி முதற்கட்டியைப் பிரித்துவிட்டாள். அன்றிரவு குழந்தை தூங்கியது. பத்மாவதி அதன் பக்கத்தில் இருந்து சத்தமில்லாமல் அழுதாள்.

திரும்பிப் போன பிறகு, லண்டன் மண்டபமொன்றில் பஞ்சலிங்கம் இந்தச் சடங்கைத் திரையில் காட்டிப் பேசினாராம். கைதட்டல் ஓயவில்லையாம். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, எங்கள் வீட்டிலும் பரம்பரையாகச் செய்ததுதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்த ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிப் படித்தபோது, என்ன அழகு என்று உங்களுக்கும் ஒரு கணம் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால், உடுவில் பக்கம் வரும்போது பெட்டியில் கொஞ்சம் கூடவே சாமான் வைத்துக்கொண்டு வாருங்கள். பத்மாவதியிடம் இன்னும் நிறைய வழக்கங்கள் இருக்கின்றன.