பெனலூனா பிடித்த பிராந்தி

கத்பர்ட் பெனலூனா பூட்டைப் பிடித்து லேசாக ஆட்டினார். அது திறந்துகொண்டது. பூட்டிவிட்டு மறுபடி ஆட்டினார். மறுபடியும் திறந்துகொண்டது. கடல் காற்றில் துருப்பிடித்த பூட்டு. சாவியெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்குத்தான்.

பதினோரு வருஷமாக அந்தச் சுங்கக் கிடங்கில் பூட்டி வைக்கும்படி ஒன்றுமே இருந்ததில்லை. கார்ன்வால் கடற்கரையில், போர்த்வீன் மாதிரி ஓர் ஊரில் சுங்க அதிகாரியாக இருந்துகொண்டு இத்தனை காலம் ஒரு பாட்டில்கூடப் பிடிக்காமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். பெனலூனாவிடம் அது தாராளமாக இருந்தது. ஊரே பிரெஞ்சு பிராந்தி குடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ரேஷன் டீயை உறிஞ்சியபடி, "என் எல்லையில் கடத்தலே கிடையாது" என்று மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமைதான் அதிர்ஷ்டம் அடித்தது. கால் வழுக்கி ஒரு பாறைக் குகைக்குள் விழுந்தார். விழுந்த இடத்தில் பெட்டி பெட்டியாகப் பிராந்தி. விழுந்ததை மறைத்துவிட்டு, "துப்பறிந்து கைப்பற்றினேன்" என்று தந்தி கொடுத்தார்.

புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை அதிகாரி திங்கட்கிழமை நேரில் வருவதாகப் பதில் வந்தது. சரக்கைக் காட்டினால் பெரிய துறைமுகத்துக்குப் பதவி உயர்வு. காட்டாவிட்டால், ஆடுகளைத் தவிர யாரும் இல்லாத ஒரு ஸ்காட்லாந்துத் தீவுக்கு மாற்றல். மேலிடம் அதையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தது. தபால்காரம்மா திருமதி ரோஸ்வார்னுக்கு வாய் சும்மா இருக்காது என்பதால், அந்தத் தந்தி பெனலூனாவுக்குக் கிடைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இன்று சனிக்கிழமை. பூட்டு திறந்துகொள்கிறது.

"என்ன ஆபீசர் சார், படத்துக்கு வரலையா?"

ஜேகோ தன் கூட்டாளிகளோடு வந்துகொண்டிருந்தான். ஊரின் மதுக்கடை அவனுடையது. அதன் பின்னால் இருந்த சினிமாக் கொட்டகையும் அவனுடையது. குகையில் இருந்த பிராந்தியும் அவனுடையதுதான். பெனலூனாவுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, நிரூபிக்கத்தான் துப்பில்லை.

"அந்தக் குப்பையை நான் எதுக்குப் பார்க்கணும்? கடத்தல்காரன் எல்லாம் புத்திசாலி, சுங்க அதிகாரின்னா மடையன்னு படம் எடுத்திருக்கானாம்!"

"பொதுவா அப்படிச் சொல்லலை சார்," என்றான் ஜேகோ. "குறிப்பா ஒருத்தரைத்தான் சொல்லியிருக்கான்."

கூட்டாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். போன வருஷம் அந்தப் படத்தை இதே ஊரில்தான் எடுத்தார்கள். எடுத்து முடிக்கும் வரை பெனலூனா தன் கண்டனத்தைத் தெரிவிக்க லீவு போட்டுவிட்டு, அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார். அவர் ஊரில் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் அந்தக் கறுப்புக் கார் வந்து நின்றது. உள்ளிருந்து இறங்கியவருக்கு ஆறடி உயரம், நரைத்த பெரிய மீசை, கணுக்கால் வரை நீண்ட கோட்டு.

"பெனலூனாங்கறது நீதானா?"

வாயை முழுசாகத் திறக்காமலே பேசும் மேட்டுக்குடி உச்சரிப்பு. அதைக் கேட்டதும் பெனலூனாவின் குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அந்த மாதிரி உச்சரிப்பிடம் போய் அடையாள அட்டை கேட்க இந்த நாட்டில் எவனுக்குத் துணிச்சல் உண்டு?

"ஆ... ஆமாங்க சார். திங்கட்கிழமைதான் வருவீங்கன்னு..."

"சொன்ன நாள்ல வந்தா அதுக்குப் பேரு சோதனையா? சரக்கு எங்கே?"

பெனலூனா கதவைக் காட்டினார். பெரியவர் பூட்டைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது.

"இதுதான் உன் பாதுகாப்பா?" பெரியவர் பூட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "ராஜாவோட சொத்தை இந்தத் துருவை நம்பி வெச்சிருக்கே?"

பெனலூனாவின் காதில் ஆடுகள் கத்தின. மூளையைக் கசக்கினார். கசக்குவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"சார், ஊரே இப்ப கொட்டகையிலதான் இருக்கு. சரக்கையும் அங்கேயே கொண்டுபோய் நம்ம கண் முன்னால வெச்சுக்கிட்டா? இத்தனை பேர் பார்க்கும்போது எவன் கை வைப்பான்?"

"அட! உனக்கு மூளைகூட இருக்கா?"

பாராட்டில் பெனலூனா ஓர் அங்குலம் வளர்ந்தார். ஜேகோவைக் கைதட்டி அழைத்தார். "டேய், சும்மா நிக்காம இதை எல்லாம் தூக்குங்கடா. ஒரு பாட்டில் உடைஞ்சாலும் உள்ளே தள்ளிடுவேன்."

"பத்திரமாக் கொண்டுவர்றோம் சார்," என்றான் ஜேகோ. அவன் ஆட்கள் பெட்டிகளைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அலுங்காமல் தூக்கினார்கள். பயம் எவ்வளவு நல்ல வேலை வாங்குகிறது என்று பெனலூனா வியந்தார்.

கொட்டகை வாசலில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்ததும் திருமதி ரோஸ்வார்ன்தான். பெனலூனா இரண்டு டிக்கெட் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணு போதும் ஆபீசரே. இவருக்கு வேண்டாம்."

"பார்த்தீங்களா சார்? பதவிக்குக் கிடைக்கிற மரியாதை," என்று பெனலூனா குழைந்தார். தன் பதவிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பெட்டிகளைத் திரைக்குக் கீழே அடுக்கினார்கள். பெரியவர் முன்வரிசையில் அமர்ந்தார். பெனலூனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சரக்கையும் காத்த மாதிரி, அந்தக் கேவலமான படத்தையும் பார்க்காத மாதிரி.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. ஊர் சிரித்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒருத்தன் எழுந்து, "அதோ! அதோ!" என்று கத்தினான். எல்லாரும் எட்டி எட்டி முன்வரிசைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார்கள். பெரியவர் கூச்சத்தோடு தொப்பியைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய உதடுகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன. மனக்கணக்குப் போடுகிறார் என்று பெனலூனா நினைத்தார். படம் ஓடும்போதும் வேலை நினைப்பாகவே இருக்கும் மேலதிகாரி! கண் கலங்கிவிட்டது அவருக்கு.

இடைவேளையில் பெரியவர் அவரைக் கூப்பிட்டார்.

"பெனலூனா, இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கலை. பாதி ஊர் திரையைப் பார்க்கலை, பெட்டியைத்தான் பார்க்குது. இருட்டுல ஆளுக்கொரு பெட்டி தூக்கினா என்ன பண்ணுவே?"

அது பெனலூனாவுக்கு இதுவரை தோன்றவில்லை. "அப்ப... உங்க கார்ல ஏத்திடலாமா சார்?"

"சேச்சே! முறைன்னு ஒண்ணு இருக்கு. திங்கட்கிழமை வண்டி அனுப்பித்தான் எடுக்கணும்."

"சார், கெஞ்சிக் கேக்கறேன். அதுவரைக்கும் என்னால தாங்காது சார். நேத்தும் முந்தாநாளும் தூங்கவே இல்லை."

பெரியவர் மீசையைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். "உனக்காக ஒத்துக்கறேன். வெளியே சொல்லாதே."

மறுபடி ஜேகோவின் ஆட்கள்தான் தூக்கினார்கள். தங்கள் சொந்தச் சரக்கைத் தாங்களே சுமந்து அரசாங்கக் காரில் ஏற்றுகிறார்களே என்று பெனலூனாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. வேண்டுமென்றே பக்கத்தில் நின்று, "நிமிர்ந்து தூக்குடா," என்று விரட்டினார். எவனும் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தன் சீட்டியடித்தான்.

படம் முடியும் தறுவாயில் பெரியவர் எழுந்தார். "இங்கே என் வேலை முடிஞ்சுது. நான் கிளம்பினதும் இவனுங்க பின்னாலயே வண்டி எடுத்துட்டு வந்தா?"

பெனலூனாவின் வாழ்க்கையிலேயே பிரகாசமான யோசனை அந்தக் கணத்தில்தான் உதித்தது.

"அதை எங்கிட்ட விடுங்க சார். ஒருத்தன்கூட இந்த இடத்தை விட்டு நகர மாட்டான்."

படம் ஓட்டும் அறைக்கு ஓடினார். "ஜேகோ, படம் முடிஞ்சதும் வழக்கம்போல ராஜா பாட்டைப் போடு. ஆனா ஒரு தடவையோட நிறுத்தாதே. நான் கை காட்டுற வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டே இரு."

ஜேகோ வாயைப் பிளந்தான். நடிப்பில்லாத வியப்பு. "என்ன மூளை சார் உங்களுக்கு! சத்தியமாச் சொல்றேன், இது எனக்குத் தோணவே இல்லை."

படம் முடிந்தது. திரையில் ராஜாவின் படம் விழுந்தது. இசைத்தட்டில் ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதம் கரகரத்தது. ஊர் முழுவதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றது. ராஜாவுக்குச் சேர வேண்டிய வரியைத் தலைமுறை தலைமுறையாக ஏய்த்துவரும் ஜனங்கள், ராஜாவின் பாட்டுக்கு மட்டும் ஓரடி நகர மாட்டார்கள். அப்படி ஒரு விசித்திர பக்தி. பெனலூனாவும் முதல்முறையாகத் திரையைப் பார்த்துத் திரும்பி, விறைப்பாக நின்றார்.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பாட்டு முடிந்தது. மறுபடி ஆரம்பித்தது. ஒரு கிழவர் கழிப்பறைக்குப் போக முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்தார், ஆனாலும் நகரவில்லை. மறுபடி பாட்டு. ஒரு கைக்குழந்தை வீரிட்டது. அதன் தாய் ராஜாவைப் பார்த்தபடியே அதன் வாயைப் பொத்தினாள். கார் மலைச் சாலையில் ஏறும் முனகல் தூரத்தில் தேய்ந்து மறைந்தது. அதற்கப்புறமும் பெனலூனா ஒரு தடவை பாட விட்டார், தன் திருப்திக்காக. பிறகுதான் கையைக் காட்டினார்.

கூட்டம் மதுக்கடைப் பக்கம் வேகமாக நகர்ந்தது.

"இன்னிக்கு நம்ம கடையில விசேஷம் சார்," என்றான் ஜேகோ. "நீங்களும் வரணும். உங்களுக்குக் காசு வேண்டாம்."

"தோத்தவன்கூட உட்கார்ந்து நான் குடிக்கறதில்லை," என்றார் பெனலூனா.

வாசலில் திருமதி ரோஸ்வார்ன் மேசையை மடக்கிக்கொண்டிருந்தாள். யாரிடமாவது பெருமை பேசாவிட்டால் பெனலூனாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"மடையன் மடையன்னு என்னைச் சிரிச்சீங்களே அம்மா! இப்ப ஊரே நின்னு பார்க்கப் பார்க்க மொத்தச் சரக்கையும் ஏத்தி அனுப்பிட்டேன். தலைமை அதிகாரியே என் முதுகைத் தட்டிட்டுப் போறார். அவர் யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சுதானே டிக்கெட் கேக்காம உள்ளே விட்டீங்க?"

திருமதி ரோஸ்வார்ன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா, படத்துல நடிச்சவங்களுக்கு டிக்கெட் வேண்டாம்னு ஜேகோ சொல்லியிருந்தானே."