கோலாட்டத்தின் நாலாவது சுற்று

கணினி நாம் சொன்னதைத்தான் செய்யும் என்பார்கள். அதன் மீது என் முதல் புகாரே அதுதான். சொன்னதை மட்டும் செய்கிற ஆளை என் ஆபீசில் ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ள மாட்டேன்.

டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பின் துர்கா பூஜை மேடையில் பாட்டு, நாட்டியம், நாடகம் எல்லாம் வங்காளிகளுடையவை. தமிழர்களுக்குக் கிச்சடி பரிமாறும் வேலை. (பதினாறு வருஷத்துக்கும் டைரியில் குறிப்பு இருக்கிறது.) ஒரு வருஷம் செயலாளர் பாபுன்தா மனமிரங்கி, சப்தமி மாலையில் ஏழு நிமிஷம் கொடுத்தார். என் மனைவி வசந்தாவும் ஐந்து மாமிகளும் கோலாட்டம் ஆடுவதாக ஏற்பாடு. நன்றாக அமைந்தால் வருஷா வருஷம் மேடை. சொதப்பினால் பழையபடி கரண்டி.

கீபோர்டு வாசிக்க ஒப்புக்கொண்டவர் கடைசி வாரத்தில் கழன்றுகொண்டார்.

"நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஸ்வரம் எழுதறேளே. அது வாசிக்காதா?" என்றாள் வசந்தா.

"வாசிக்கும். மனுஷாளைவிட ஒழுங்கா வாசிக்கும்" என்றேன். (இந்த வாக்கியம் இன்றைக்கும் வீட்டில் மேற்கோள் காட்டப்படுகிறது.)

மெட்டை முப்பத்திரண்டு கட்டங்களாக எழுதினேன். முதல் கட்டத்தின் தலையில் வேகம் நிமிஷத்துக்கு எண்பது தட்டு. பதினேழாவது கட்டத்தில், 'இருக்கிற வேகத்தைப் போல ஒன்றேகால் மடங்கு', அதாவது நூறு. கடைசியில் திரும்பும் குறி. மொத்தம் நான்கு சுற்று. முதல் கட்டத்தின் தலை நெரிசலாகத் தெரிந்ததால், திரும்பி வரும் இடத்தை இரண்டாவது கட்டத்துக்குத் தள்ளி வைத்தேன். பக்கம் பார்க்க லட்சணமாக இருந்தது.

ஆறு நாள் ஒத்திகை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நான் பாட்டை நிறுத்தி, யார் கோல் யார் கோலில் பட வேண்டும் என்று திருத்திவிட்டு, மறுபடி தொடக்கத்திலிருந்து போடுவேன். "ஒரு தடவை முழுசா விடுங்கோளேன்" என்றார் ஜெயா மாமி. ஒரு சுற்று சரியாக இருந்தால் நான்கும் சரியாகத்தானே இருக்கும் என்றேன்.

சப்தமி வந்தது. முதல் சுற்று அழகு. பாட்டு இரண்டாவது கட்டத்துக்குத் திரும்பியது. எண்பது என்று எழுதியிருந்ததோ முதல் கட்டத்தில். ஆகவே கணினி நூறிலேயே தொடர்ந்து, பாதியில் நூற்றிருபத்தைந்துக்குத் தாவியது. மூன்றாவது சுற்றில் நூற்றைம்பத்தாறு. வசந்தா என் பக்கம் திரும்பும்போதெல்லாம் பல்லைக் கடித்தபடி, "நிறுத்துங்கோ" என்றாள். நடுவில் நிறுத்தினால் பதினாறு வருஷமும் வீண். நான் அசையவில்லை.

நாலாவது சுற்றின் பிற்பாதியில் நூற்றுத் தொண்ணூற்றைந்து. அங்கே நடந்ததைக் கோலாட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆறு பேர் தற்காப்புக்காகக் கோல் வீசினார்கள். ஜெயா மாமியின் கோல் ஒன்று பறந்து, முன்வரிசையில் இருந்த பாபுன்தாவின் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. ஐந்தேமுக்கால் நிமிஷப் பாட்டு நாலேகால் நிமிஷத்தில் முடிந்தது.

பாபுன்தா நனைந்த குர்த்தாவோடு எழுந்தார். "ஆரேக் பார்" என்றார். இன்னொரு தடவை வேண்டுமாம். பந்தலே எழுந்து நின்று கை தட்டியது.

மறுநாளே பிழையைத் திருத்திவிட்டேன். அடுத்த வருஷம் அந்தத் திருத்திய பாட்டைப் பாபுன்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாதா, இது எதற்கு? உங்கள் ஊர் அசல் ஆட்டத்தைப் போடுங்கள்" என்றார். அது அசல் இல்லை, என் பிழை என்று டைரியைக் காட்டி விளக்கினேன். தன்னடக்கம் என்று தோளில் தட்டினார்.

வசந்தாவாவது நியாயம் பேசுவாள் என்று பார்த்தால், "பழசையே போடுங்கோ, கால் அதுக்குப் பழகிடுத்து" என்கிறாள். வருஷா வருஷம் என் பிழையை என் கையாலேயே போடுகிறேன். கரியாஹாட் கடைவீதிக்குக் கிளம்ப நான் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தால், வாசலிலிருந்து அவள் குரல் வருகிறது: "முதல் சுத்துலயே நிக்கறேளே. நாலாவதுக்கு வாங்கோ."