நஞ்சுண்டன் அரைத்த மிளகாய்

இனிமேல் தன் வீட்டுக்குள் இங்கிலீஷ் மாத்திரை நுழையக் கூடாது என்று நஞ்சுண்டன் முடிவெடுத்துவிட்டார். சிங்காநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். கருகிப்போன மோட்டாரையே பிரித்துச் செம்புக் கம்பி சுற்றி ஓடவிடுகிற மனுசன், பொண்டாட்டியின் விரலை ஓடவிட மாட்டாரா என்ன? இந்த நினைப்புத்தான் அவரைக் கெடுத்தது.

மனைவி குழந்தையம்மாளுக்கு முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது. டாக்டர் வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதித் தந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விழுங்குவாள். திங்கட்கிழமை பூராவும் வாந்தி. சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி. பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. இதை டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் திட்டுவார் என்று, குளத்துக் கரையில் தினமும் தன்னோடு நடக்க வருகிற வெள்ளியங்கிரியிடம் போய்க் கேட்டார்.

வெள்ளியங்கிரி தறியை விற்றுவிட்டு மூலிகை மாத்திரை வியாபாரத்தில் இறங்கியிருந்தவர். கேட்கவா வேண்டும்? முடக்கத்தான், பிரண்டை, அமுக்கரா என்று அடுக்கிக்கொண்டே போனார். பக்கவிளைவே கிடையாது என்று சத்தியமும் செய்தார். நிறமும் டாக்டர் மாத்திரையின் அதே மஞ்சள். சொன்னால் குழந்தையம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பதால் நஞ்சுண்டன் சொல்லவில்லை. டாக்டர் மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அதே டப்பாவில் மூலிகையை நிரப்பி வைத்துவிட்டார்.

முதலில் எல்லாம் ஜோர்தான். வாந்தி போன இடம் தெரியவில்லை. திங்கட்கிழமையும் குழந்தையம்மாள் கொள்ளுப் பருப்பு கடைந்து இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். நஞ்சுண்டன் பட்டறையில் பாடிக்கொண்டே வேலை செய்தார். அந்தக் குரலுக்குப் பயந்து ஒரு வாடிக்கையாளர் மோட்டாரைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

அப்புறம் வந்தது வினை. மணிக்கட்டு வீங்கியது. முழங்கை வீங்கியது. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. ஒரு நாள் தலை சீவ முடியாமல், சீப்பை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நஞ்சுண்டனுக்கு அங்கேயே காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. பழைய மாத்திரையை வாங்கி வைக்கலாமென்றால் மருந்துச் சீட்டு அவள் பீரோவில் பூட்டிக் கிடந்தது. சாவி கேட்டால் ஏன் என்பாள். வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்தார்.

பேச்சை அவளே எடுத்தாள். மாத்திரை இப்போதெல்லாம் கசக்கிறதாம். யாரோ மாற்றிவிட்டார்களாம்.

“மருந்துக்கடைக்காரனாத்தான் இருக்கோணுமுங்க. அமாவாசைக்கு ஆனைமலை போயி மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்துரலாம். செஞ்சவனை மாசாணியம்மா பாத்துக்குவா.”

கோயில் கல்லில் மிளகாய் பூசினால் தப்புச் செய்தவன் உடம்பு பற்றியெரியும் என்று கேட்டு வளர்ந்தவர் நஞ்சுண்டன். வெயில் என்றார். பஸ்ஸில் கூட்டம் என்றார். கடைக்காரன் புள்ளகுட்டிக்காரன், பாவம் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அமாவாசையன்று காலையில் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

கோயிலில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தவள் குழவியைப் பிடித்தாள். விரல் பிடிக்கவில்லை. மறுபடி பிடித்தாள். குழவி அசையவே இல்லை.

“ஏனுங்க, நீங்களே அரைச்சுக் குடுத்துருங்க.”

தனக்கு எதிராகத் தானே மிளகாய் அரைத்த புருசன் கொங்கு நாட்டில் அவர் ஒருவர்தான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அவள் வீங்கிய கையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

“அம்மணி, கடைக்காரன் இல்ல. நாந்தான் மாத்துனேன். நீ வாந்தியெடுக்கறதப் பாக்க முடியல.”

“தெரியுமுங்க.”

போன வாரமே பக்கத்து வீட்டு ராசாத்தாளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்வந்திருக்கிறாள். இது நான் எழுதிய மாத்திரையே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்; வீட்டில் அந்த டப்பாவைத் தொட வேறு யார் இருக்கிறார்கள்? பழைய மாத்திரையையும், வாந்திக்குத் தனி மாத்திரையையும் வாங்கி விழுங்க ஆரம்பித்தாகிவிட்டது. நஞ்சுண்டன் எழுந்து விழுதை வழித்து, தானே கோயில் கல்லில் பூசப் போனார். அவள் குறுக்கே கை வைத்தாள்.

“வேண்டாமுங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு இருக்கறா?”

“தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் கூட்டியாந்தே?”

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“உங்க வாயால வரட்டும்னுதானுங்க. இந்த வெரலுக இனிப் பழையபடி மடங்காதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க.”

“என்னாலயா அம்மணி?”

“நோவு பாதி, நீங்க பாதி.”

நஞ்சுண்டன் அத்தனை சனத்துக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு குனிந்து, ஆட்டுக்கல்லில் மிச்சமிருந்த விழுதை ஒரு விரலால் தொட்டு நசுக்கிப் பார்த்தாள்.

“நாளையிலிருந்து ஊட்டுல சட்டினி நீங்கதான். இதைவிட நைசா அரைக்கோணுமுங்க.”