ஊதுவாரின் நீல மூச்சு

காலை ஆறு மணிக்கெல்லாம் ஊதுவார் வீட்டுத் தெருவில் டிராக்டர், வண்டி, சைக்கிள் என்று நெரிசல். எல்லாவற்றிலும் சோள விதை மூட்டை. ஊதுவார் விதையை மூன்று நாள் உள்ளறையில் வைத்து ஊதித் தருவார். அப்புறம் அந்த வயலில் களைக்கொல்லியை ஆறாக ஓடவிட்டாலும் களைதான் சாகும். சோளம் சிரித்துக்கொண்டே எழும். ஊதாத விதையா? முளை சுருண்டு மண்ணுக்குள்ளேயே முடங்கிக்கொள்ளும்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஊரே கண்ணால் பார்த்த சங்கதி. வம்பே அதில்தான்.

ஊதிய விதை நீலமாகத் திரும்பி வரும். "அது ஐயாவோட மூச்சு நிறம்" என்றார்கள். மூச்சு நீலமாக வருகிற ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், எதிரே கைகட்டி நின்ற ஜனங்கள் உலகத்திலேயே இவர்கள்தான். கூலி, அறுவடையில் பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை. மூச்சு விட்டுப் பிழைக்கிறவர்கள் நாம் எல்லோரும். மூச்சை விற்றுப் பிழைத்தவர் அவர் ஒருவர்.

இந்தப் பெருமைக்கு அடியில் நசுங்கிப்போனவள் தெளிப்புக்காரி. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு வயல் வயலாக மருந்து தெளிப்பதுதான் அவள் பிழைப்பு. போன பருவத்தில் அவளுடைய தாய்மாமன், பத்துக்கு ஒன்று கொடுக்க மனசு வராமல், ஊதாத விதையை விதைத்துவிட்டார். களைக்கொல்லி தெளித்தவள் இவள். மூன்று ஏக்கரும் சுருண்டது. மாமா அலறிக்கொண்டு ஊதுவாரிடம் ஓடினார்.

"விதையும் சரியில்ல, தெளிச்ச கையும் சரியில்ல" என்றார் ஊதுவார், கண்ணை மூடிக்கொண்டு. "அது சூட்டுக்கை."

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒருத்தரும் அவளை வயலுக்குக் கூப்பிடவில்லை. பால்காரர் அவள் பாத்திரத்தைத் தரையில் வைக்கச் சொல்லித் தள்ளி நின்று ஊற்றினார், பால் திரிந்துவிடுமாம். மாமா மட்டும் பாசத்தை விடவில்லை.

"வீட்டுக்கு வாம்மா, உனக்கில்லாத வீடா? ஆனா கையைப் பின்னால கட்டிக்கிட்டு வா."

டேங்க் மூலையில் கிடந்தது. அடுப்பு எரிய வேண்டுமே? பயிர் மருந்துக்கடையில் லாரியிலிருந்து பெட்டி இறக்கும் வேலைக்குப் போனாள். கடைக்காரர் ஊதுவாரின் மச்சினன். அந்த ஊரில் களைக்கொல்லியைப் பெரிய கேனிலிருந்து அவரவர் கொண்டுபோகும் பழைய பாட்டிலில் ஊற்றித்தான் வாங்குவார்கள். கேனின் முகத்தைக் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு ஒரு பெட்டியின் அடி பிய்ந்து கையோடு வந்தது. உள்ளே கேன். கேனோடு ஒரு நீலப் பொடிப் பொட்டலம். கேன் மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: 'சோளத்துக்குத் தெளிப்பதானால், உடன் உள்ள பயிர்காப்புப் பொடியை விதையில் பூசிய பிறகே விதைக்கவும். பூசாவிட்டால் பயிரும் சாகும்.'

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாக முதுகில் சுமந்த மருந்து. ஒரு நாளாவது இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாளா? தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். சூடாக இல்லை. வலிக்கத்தான் செய்தது.

மறுநாளே டவுனுக்குப் போய் அதே மருந்துப் பெட்டி ஒன்றைப் பிரிக்காமல் வாங்கி வந்தாள். நேரே ஊதுவார் வாசல். கை பட்டுவிடுமோ என்று கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

"ஐயா, உங்க மூச்சு மலையையே துளைக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?"

"மலை என்ன பெரிய மலை? ஏழு கடல் தாண்டியும் போகும்."

"கண்ணாடி பாட்டிலுக்குள்ள போகுமா?"

கூட்டம் சிரித்தது. ஊதுவாரும் சிரித்தார். பாவம், பழக்க தோஷம்.

மாமா வீட்டு விதையை மூன்று பங்காக்கினாள். முதல் பங்கைப் பாட்டிலில் போட்டு மூடி, மெழுகு ஊற்றி, மாமாவின் கட்டைவிரலை அதில் அழுத்தச் சொன்னாள்.

"மூணு நாள் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆசை தீர ஊதுங்க. மூடியை மட்டும் தொட வேண்டாம்."

ஊதுவார் முகம் சுருங்கியது. "விதைக்குக் காத்து வேணும்மா..."

"அதான் நீங்க ஊதறீங்களே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

மூன்றாம் நாள் மெழுகு உடையாமல் பாட்டில் திரும்பியது. விதையில் நீலம் பொட்டளவும் இல்லை. இரண்டாம் பங்கில் அவள் கையுறை மாட்டிக்கொண்டு, எல்லார் எதிரிலும் நீலப் பொடியைப் பூசினாள். ஊதவில்லை. அதற்குப் பதிலாக வாய் நிறைய வைதாள்.

"நாசமாப்போற விதையே! உருப்படாத மூதேவி! நீயெல்லாம் முளைச்சு என்னத்தக் கிழிக்கப்போற?"

மூன்றாம் பங்கைச் சும்மா விட்டாள். விதையே சொத்தை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று தகரத் தட்டுகளில் விதைத்தார்கள். சுற்றிக் கம்பி வேலி, மாமா காவல். முதல் தட்டுக்கு ஊதுவாரே தன் குளிர்ந்த கையால் களைக்கொல்லி தெளித்தார். இரண்டாவதற்கு அவள், சூட்டுக்கையால், அதே கலவையை அதே அளவு. மூன்றாவதற்குத் தெளிப்பே கிடையாது.

ஊதுவார் தினமும் வேலிக்கு வெளியே நின்று ஊதினார். ஊதி ஊதிக் கன்னம் வீங்கிவிட்டது. பல்வலி என்றார்.

பத்தாம் நாள் ஊரே திரண்டது. மூன்றாவது தட்டு பச்சைப்பசேல், விதையில் பழுதில்லை. முதல் தட்டில் முளையெல்லாம் கோணல்மாணலாகச் சுருண்டு செத்துக் கிடந்தது. வசவு வாங்கிய விதையோ, ரோஷம் வந்தது போல நெட்டுக்குத்தாக நின்றது.

அவள் கேனைத் தூக்கி எறும்பெழுத்தை உரக்கப் படித்தாள். "பொடி பூசின பயிர் இந்த மருந்தைச் செரிச்சுடும். களைக்கு யாரும் பொடி பூசறதில்ல, அதனால அது சாகுது. இதுல மூச்சுக்கு ஒரு வேலையும் இல்ல."

மாமா மெல்லக் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, பெட்டிக்கு ஒரு பொட்டலம் வருதே, இத்தனை வருஷமா அதெல்லாம் எங்க போச்சு?"

கடைக்காரர் ஊதுவாரைப் பார்த்தார். ஊதுவார் வானத்தைப் பார்த்தார்.

"அக்கா புருஷன் கேட்டா எப்படிங்க இல்லைங்கறது?" என்றார் கடைக்காரர்.

மருந்தோடு சும்மா வந்த பொடியை உருவி, உள்ளறையில் பூசி, அதற்குத்தான் பத்துக்கு ஒன்று! கூட்டம் உறுமியது. ஊதுவார் பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி ஓடினார். ஏழு கடல் தாண்டும் மூச்சு, தெருக்கோடி வரைக்கும் தாங்கவில்லை.

மாமா வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தடவிப் பார்த்தார். "ஜில்லுன்னுதான் இருக்கு" என்றார், தானே கண்டுபிடித்தவர் மாதிரி. "நாளைக்கு டேங்கை எடுத்துக்கிட்டு வயலுக்கு வந்துடு தாயி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே நீளமாக ஒரு வரிசை. ஆளுக்கொரு விதை மூட்டை. முன்னால் நின்ற டிராக்டர்காரர் பயபக்தியோடு முடிச்சை அவிழ்த்தார்.

"அம்மா, ஊதறதை விட வசவுக்குத்தான் சக்தி ஜாஸ்தின்னு தெரிஞ்சுபோச்சு. எங்க விதையையும் நாலு வார்த்தை திட்டிக் குடுங்க."

"திட்டத்தான் போறேன்" என்றாள் அவள். "விதையை எதுக்கு? அது ஒரு தப்பும் பண்ணலையே. மண்ணுக்குள்ள போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பொறுக்கிப் பார்க்கறீங்க, மண்டைக்குள்ள போடறதை மட்டும் ஏன்யா பார்க்கறதே இல்ல?"